விழுந்தவருக்கு ஒரு ஸாரி

1
வெட்கத்தினால்தான் இதை எழுதுகிறேன். கென்யாவில், நன்யுக்கி ஊரில் இருபத்திரண்டு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அன்று ஹேவுட் என்ற வெள்ளைக்காரக் கிழவருக்கு மாத்திரை கொடுக்கப் போயிருந்தேன்.

2
கென்ய மலையின் பனி உருகும் அந்த... [வேண்டாம். மலைக்கு இதில் வேலையில்லை.]

கிழவர் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது, அவரைப் பார்த்துக்கொள்ளும் கத்தூரே அடுப்பில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தூக்கினாள். "ஸாரி ஐயா, ஸாரி, ஸாரி" என்றாள். இங்கே எல்லோரும் அப்படித்தான். தெருவில் முன்பின் தெரியாதவன் தடுக்கினாலும் நாலு பேர் ஸாரி சொல்வார்கள். குரல் தாழும், முடிவில் கொஞ்சம் இழுபடும். [அந்த இழுப்பு எழுத்தில் வரவே மாட்டேன் என்கிறது.]

பக்கவாதத்துக்குப் பிறகு கிழவருக்குப் பேச்சில்லை. லண்டனிலிருந்து வந்திருந்த மகள் ஃபிலிப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்டது.

3
"எதுக்கு ஸாரி? அப்பாவ என்ன பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலியே, மேடம்."

"ஒண்ணும் பண்ணாதவ மன்னிப்பு கேப்பாளா?"

"விழுந்துட்டாரே மேடம்! வேற என்னத்தச் சொல்றது? நல்லா விழுந்தீங்கன்னா?"

"நக்கல் வேறயா? துணிமணிய எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

ஒன்பது வருட வேலை. கத்தூரே என் பக்கம் திரும்பினாள். "மருந்துக்கடை அண்ணே, நீங்களாவது சொல்லுங்களேன்."

[ஃபிலிப்பாவைக் கெட்டவளாக எழுதினால் எனக்குச் சௌகரியம். அவள் ஊரிலும் தொட்டதற்கெல்லாம் ஸாரிதான். ஆனால் அங்கே அடிபட்டவர் பக்கத்தில் நின்று சொன்னால், சொன்னவர்மேல் சந்தேகம் விழும். இது எனக்குத் தெரியும். மாத்திரைச் சீட்டைப் படிப்பதுபோல் நின்றேன். அந்த வீடு என் கடையின் பெரிய வாடிக்கை.]

4
முதல் முடிவு: நான் விளக்குகிறேன். ஃபிலிப்பா சிரிக்கிறாள். எல்லோரும் தேநீர்... [பொய். எழுதவே கை கூசுகிறது.]

இரண்டாவது: கத்தூரே பையோடு படியிறங்குகிறாள். கதவை அறைந்து சாத்திய ஃபிலிப்பா தன் விரலையே நசுக்கிக்கொண்டு அலறுகிறாள். கத்தூரே சட்டென்று திரும்புகிறாள். வாய் திறந்துவிட்டது, சொல் இன்னும் வரவில்லை.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. அவள் சொல்வதா வேண்டாமா என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சொல்ல வைத்தால், அதன் அர்த்தத்தை ஃபிலிப்பாவிடம் எடுத்துச் சொல்ல ஓர் ஆளையும் அங்கே நிறுத்துங்கள். என்னை நம்பி விட்டுவிடாதீர்கள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.