கூட வரப் புறப்பட்ட கணவர்

தனசேகர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். காலருக்குள் கடைக்காரன் வைத்த அட்டையைக்கூட எடுக்கவில்லை. பெண்டாட்டியும் வேண்டாம், பிள்ளையும் வேண்டாம் என்று ஆறு வருஷமாகச் சித்தூரில் மாம்பழக் கூழ் வியாபாரமும் அம்மா கைச் சாப்பாடுமாக நிம்மதியாக இருந்தவன், கன்னிகாவுக்கு ஆஸ்திரேலியாவில் நர்ஸ் வேலை என்று காதில் விழுந்ததும் அடித்துப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

அவன் காதில் போட்டது வேறு யாருமில்லை, கன்னிகாவின் அப்பா வேங்கடாசலம்தான். போட்டதோடு விடாமல், திருப்பதி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியில் இருந்த விசா ஏஜென்ட் ஆபீசுக்கு மாப்பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டும் வந்துவிட்டார். விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்த சாய்குமார் அப்போதுதான் 'திருமண நிலை' என்ற இடத்துக்கு வந்திருந்தான். "பிரிந்து வாழ்பவர்" என்று கன்னிகா சொல்லி வாய் மூடுவதற்குள் இரண்டு பேரும் உள்ளே நுழைந்தார்கள்.

"மேரீட்னு போடுப்பா," என்றான் தனசேகர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "நாங்க இன்னா கோர்ட்டுலயா பிரிஞ்சோம்? டூட்டிக்கோசரம் அவ திருப்பதில கீறா, அவ்ளோதான். கூட வர கணவர்னு என் பேரயும் சேத்துக்கோ."

கன்னிகாவுக்குச் சிரிப்புதான் வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் பெட்டியோடு அவளை அப்பா வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்ட மகராசன் இவன். அதற்கப்புறம் அவன் கணவனாக இருந்ததெல்லாம் விசேஷ வீடுகளில் மட்டும்தான். தம்பி கல்யாணம், சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று எது வந்தாலும் வேங்கடாசலம் மாப்பிள்ளைக்குப் போன் போட்டுக் கெஞ்சுவார். அவனும் வந்து அவள் பக்கத்தில் நின்று போட்டோவுக்குப் பல்லைக் காட்டிவிட்டு, பந்தியில் வயிறு முட்டத் தின்றுவிட்டுக் கிளம்பிவிடுவான். ஊருக்கு அவர்கள் தம்பதி. ஊரும் ஒன்றும் தெரியாதது போல வெற்றிலை பாக்கு கொடுத்து அனுப்பியது.

இப்போது அவன் கையில் ஒரு பிடி இருந்தது. மகள் ஹர்ஷினியைக் கூட்டிப் போக வேண்டுமானால் தகப்பன் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் கோர்ட் உத்தரவு வேண்டும். கோர்ட்டுக்கு வழி இருந்தது. "உங்க நைனா கூண்டேறி, இத்தன வருஷமா பொண்ணும் பேத்தியும் தனியாத்தான் கீறாங்கன்னு சொன்னா போதும்மா, சீக்கிரம் முடிஞ்சிடும்," என்று வக்கீல் சொல்லியிருந்தார். வேங்கடாசலம் ஒரேயடியாக மறுத்துவிட்டார். குடும்ப மானம் கோர்ட் படி ஏறக் கூடாதாம். பக்கத்து நிலத்துக்காரனோடு வரப்புத் தகராறில் வருஷக்கணக்காக அதே கோர்ட்டுக்கு நடையாய் நடந்த மனிதர். வரப்புக்கு ஏறிய படி மகளுக்கு ஏற மட்டும் கால் வரவில்லை.

"கையெழுத்து தானே? இதோ போடறேன்," என்று தனசேகர் பேனாவைத் திறந்தான். "என் பேரு உள்ள வந்தா போடறேன். ஒரு கைக்கு ஒரு கை."

"அங்க போயி நீ எப்டி வேணா இருந்துக்கோ கன்னிகா," என்றார் வேங்கடாசலம். "பேப்பர்ல மட்டும் சேத்து எழுதிடு. யாரு கேட்டாலும், பொண்ணு புருஷனோட பாரின் போயிட்டான்னு நான் தல நிமிந்து சொல்லிக்கினு இருப்பேன்ல?"

புருஷன் கேட்டதில் அவளுக்கு வருத்தமில்லை, அவன் புத்தி அவ்வளவுதான். பெற்ற தகப்பன் கேட்டதுதான் நெஞ்சை அறுத்தது. மகளின் வாழ்க்கையைவிட அந்த மனிதருக்குத் தன் தலை எந்தப் பக்கம் நிமிர்கிறது என்பது பெரிதாக இருந்தது. அவள் தனசேகர் பக்கம் திரும்பவே இல்லை. அவனோடு பேசுவதை நிறுத்தி வெகுகாலமாகிவிட்டது.

"சாய்குமார், அவரு பேர சேக்கணும்னா அவரையும் கேள்வி கேக்கணும் இல்ல? கேளுங்க," என்றாள்.

"அவுனு மேடம்," என்று சாய்குமார் தலையாட்டினான். தெலுங்கும் தமிழும் அவன் வாயில் ஒன்றாகவே வரும். "சார், ஒண்ணா இருக்கறதுக்கு ப்ரூப் கேப்பாங்க. போட்டோ ஏமன்னா உந்தா?"

தனசேகர் பெருமையாகப் போனை நீட்டினான். சாய்குமார் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். எல்லாவற்றிலும் வாழை மரமும் சீரியல் விளக்கும் இருந்தன. "அன்னி, எல்லாமே கல்யாண போட்டோவே சார். வீட்ல எடுத்தது ஒண்ணும் இல்லையா?"

"வீட்ல யாருப்பா போட்டோ எடுப்பாங்க?"

"சரி, பாப்பா ஹெல்த். பெரிய அடி, ஆபரேஷன், எலும்பு முறிவு, அட்லாண்டிவி ஏதாவது ஆச்சா?"

"என் பொண்ணுக்கா? ஒண்ணும் கெடையாது," என்றான் தனசேகர், மார்பை நிமிர்த்திக்கொண்டு. "ராணி மாரி வச்சிக்கினு கீறேன். ஒரு கீறல் பட்டது இல்ல."

வேங்கடாசலம் தலையைத் தூக்கினார்.

போன வருஷம் கொய்யா மரத்திலிருந்து விழுந்து ஹர்ஷினிக்குக் கை முறிந்தது. அவர்தான் தூக்கிக்கொண்டு எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற புத்தூருக்கு ஓடினார். எலும்பைச் சேர்த்துக் கட்டும்போது குழந்தை அவர் மடியில் கிடந்து, அவர் விரலைக் கடித்துக்கொண்டு அலறினாள். அங்கிருந்தே மாப்பிள்ளைக்குப் போன் செய்தார். "லோடு ஏத்திக்கினு கீறேன் மாமா, சாயங்காலம் வரேன்," என்றான். கட்டுப் பிரிக்கிற நாள் வந்தது. அவன் வரவில்லை.

"இன்னா மாப்ள சொன்ன?" வேங்கடாசலம் அவன் பக்கம் திரும்பினார். "கீறல் படலயா? எந்தக் கை ஒடஞ்சிச்சி சொல்லு. நான் போன்ல சொன்னேனே. எந்தக் கை?"

தனசேகர் திருட்டு முழி முழித்தான். "சோத்துக் கை... இல்ல மாமா, இடது..."

"எழுதுப்பா," என்று வேங்கடாசலம் சாய்குமாரிடம் சொன்னார். "பிரிஞ்சி வாழறாங்கன்னு எழுது. ஆறு வருஷமா பிரிஞ்சிதான் கீறாங்க. இவன் கையெழுத்து வேணாம். கோர்ட்டுல நான் வந்து சொல்றேன்."

தனசேகர் எழுந்து நின்று என்னென்னவோ கத்தினான். விடவே மாட்டேன், பார்த்துவிடுகிறேன் என்றான். சாய்குமார் எழுதி முடித்து அடுத்த கேள்விக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் படியில் தனசேகரின் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது.

வேங்கடாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். ஏதோ மலையைப் புரட்டிவிட்டவர் போல, அவள் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லுவாள் என்று காத்திருந்தார். கன்னிகாவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் நன்றி வரவில்லை. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல இவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அதைச் சொல்லாமல் வைத்திருந்ததற்கு ஆறு வருஷம் அந்தத் தடியன் பக்கத்தில் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு நின்றவள் அவள்.

"திங்கக்கிழம காலைல வக்கீல் ஆபீசுக்கு வந்துடு நைனா," என்றாள். "பட்டு வேட்டி கட்டிக்கினு வராத. யாரும் உன்ன கல்யாணத்துக்குக் கூப்புடல."

அவர் தலையை ஆட்டினார்.