கட்டைவிரல் செய்த துரோகம்

கடைக்கு நாலு கட்டடம் முன்பாகவே நாத்தனார் அவளை நிறுத்தினாள்.

"மூஞ்சியத் தொடை."

"வேர்க்கலையே அண்ணி."

"வேர்வையச் சொல்லலடி, ஆசையச் சொல்றேன். நெத்தியில எழுதி ஒட்டின மாதிரி இருக்கு. கடைக்காரன் பாத்தான்னா நம்ம தலையில மொளகா அரைச்சிடுவான்."

கிரேன்காரி கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். முகம் சிவந்ததுதான் மிச்சம். இரண்டு வருஷத்து ஆசை கைக்குட்டைக்கா போகும்?

இருபது மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவள் அவள். வீட்டில் ஒரு கான்செர்டினா வைத்திருக்கிறாள். நடுவில் துருத்தி, இரண்டு பக்கமும் பொத்தான், இழுத்தும் அழுத்தியும் வாசிக்கிற அறுகோணப் பெட்டி. அதைக் கையில் எடுத்தால் போதும், கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடிப்பார். அவள் கணவன் நல்லவன். "பிரமாதம்" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்துவான்.

மேலே கூண்டில் அந்தத் தொல்லை கிடையாது. கான்கிரீட் லாரி தாமதமானால் கொக்கி வெறுமனே தொங்கிக்கொண்டிருக்கும். அவளும் வெறுமனே உட்கார்ந்திருப்பாள். "போதும், நிறுத்து" என்று சொல்ல அங்கே காக்கைகூட வராது. அந்த நேரத்துக்காக ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏறினாள். துருத்தியை முழுதாக இழுத்ததும் முழங்கை போய் ஹாரனில் இடித்தது. ஏதோ தலையில் விழப்போகிறது என்று கீழே இருந்தவர்களெல்லாம் தெறித்து ஓடினார்கள். மேஸ்திரி திட்டிய திட்டை இங்கே அச்சில் ஏற்ற முடியாது.

அன்றிலிருந்து ஒரே தேடல். உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டிக் கான்செர்டினா ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் கொஞ்சமாகத்தான் செய்தார்கள். ஏலக்கடை, பழைய சாமான் கடை, இணையம் என்று அலைந்தாள். கிடைத்ததெல்லாம் அட்டைத் துருத்தி வைத்த விளையாட்டுச் சாமான். கடைசியில் போன வாரம், நாத்தனாரின் மூக்குக் கண்ணாடியை வாங்கப் போன இடத்தில், கல்லாவுக்குப் பின்னால், லென்ஸ் துடைக்கும் துணிக்கட்டுகளுக்கு நடுவே அது உட்கார்ந்திருந்தது. தேடின மூலிகை காலில் சிக்கியது என்பார்களே, அதுதான். அவள் வாயைத் திறக்குமுன் நாத்தனார் தொடையில் கிள்ளி வெளியே இழுத்துவந்துவிட்டாள்.

நாத்தனார் ஒரு பெரிய துணிக்கடைக்குக் கொள்முதல் பார்க்கிறவள். பேரம் பேசாமல் அவள் வாங்கியது இந்த உலகத்தில் மூச்சுக்காற்று ஒன்றுதான். திட்டம் அவளுடையது.

"அது என்னன்னே உனக்குத் தெரியாது. ஷோகேஸ்ல வைக்க வாங்குறோம். நான் கொறை சொல்லச் சொல்ல வெல எறங்கும். நீ வாயத் தொறக்காத."

கிரேன்காரியின் கையிருப்பு ஒரு மாதச் சம்பளம். ஆகவே தலையாட்டினாள்.

உள்ளே, கண்ணாடிக் கடைக்காரர் ஒரு கிழவருக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தார். அவருடைய சொந்தக் கண்ணாடி நெற்றிக்கு மேல் ஏறியிருந்தது.

"அந்த மொளகு டப்பா என்ன வெல?" என்றாள் நாத்தனார்.

"டப்பா இல்லம்மா, வாத்தியம்."

"என்னவோ ஒண்ணு. எங்க ஷோகேஸ்ல ரெண்டு பொம்மைக்கு நடுவுல கொஞ்சம் எடம் காலியாக் கெடக்கு."

"ஓ, ஷோகேசுக்கா?" என்று கேட்டுவிட்டு அவர் ஒரு தொகை சொன்னார். சரியாக ஒரு மாதச் சம்பளம். கிரேன்காரிக்கு உயிர் வந்தது. அந்த இடத்தில் நாத்தனார் சும்மா இருந்திருக்கலாம். இருக்கிற ஆளா?

"இதுக்கா? துருத்தியெல்லாம் சுருங்கிப் போயிருக்கு!"

கடைக்காரர் ஒன்றரை மாதச் சம்பளம் சொன்னார். காது தப்பாகக் கேட்டுவிட்டதோ என்று நாத்தனார் விரலைவிட்டுக் குடைந்துகொண்டாள்.

"பொத்தானெல்லாம் மஞ்சப் பூத்துக் கெடக்கு, வயசானவங்க பல்லு மாதிரி."

கிழவர் வாயை மூடிக்கொண்டார். விலை இரண்டு மாதச் சம்பளமானது.

இருபது வருஷக் கொள்முதலில் குறை சொல்லி விலை ஏறியதை நாத்தனார் கண்டதில்லை. கிரேன்காரியோ திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக நின்றாள். அது சுருக்கமில்லை, மடிப்பு. அது அழுக்கில்லை, எலும்புப் பொத்தான். கத்தவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. பெட்டி அவள் கண் முன்னாலேயே எட்டாத தூரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ஷோகேஸ்ல வைக்கிறதுக்கு முன்னாடி கையில வாங்கித்தான் பாருங்களேன்," என்றார் கடைக்காரர். துருத்தியை முழுக்க விரித்து, விரித்தபடியே அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கினாள். மூடினாள். அவ்வளவுதான்.

ஆனால் மூடிய விதம் இருக்கிறதே! விவரம் தெரியாதவர்கள் துருத்தியை அப்படியே அமுக்குவார்கள். கூடவே நாலு பொத்தானில் விரல் படும். பெட்டி வீல் என்று அலறும். வாசிக்கிறவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். வலது கட்டைவிரலுக்கென்று பக்கத்தில் ஒரு காற்றுப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் உள்ளே இருக்கும் காற்று சுரம் எழுப்பாமல் வெளியே போய்விடும். நுணலாவது தன் வாயால் கெட்டது. இவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்க, கட்டைவிரல் அதுபாட்டுக்கு அந்தப் பொத்தானைத் தேடிப் போய்விட்டது. மெல்லிய ஒரு பெருமூச்சு. பெட்டி பூனைக்குட்டி மாதிரி அவள் கைக்குள் அடங்கியது.

கடைக்காரர் நெற்றியில் இருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"கத்தலையே?"

"அவ எதையுமே பதமாத்தான் தொடுவா," என்று நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"நான் அவங்க கட்டவெரலக் கேக்குறேன்மா."

கிரேன்காரியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "எனக்கு வாசிக்கத் தெரியும் சார். ஷோகேஸும் இல்ல, பொம்மையும் இல்ல. ரெண்டு வருஷமாத் தேடுறேன். எனக்கு இது வேணும். ரொம்ப வேணும்."

"போச்சு," என்று நாத்தனார் அங்கிருந்த நாற்காலியில் சரிந்தாள். "குடிமுழுகிப் போச்சு."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே," என்றார் கடைக்காரர். "இதுக்கு ஜோடி ஒண்ணு இருந்துது. ஆசையாக் கேட்டாங்கன்னு ஒரு ஓட்டலுக்குக் குடுத்தேன். போய்ப் பாத்தா வரவேற்பறைச் செவுத்துல மாட்டி வச்சிருக்காங்க. ஆணி எங்க தெரியுமா? துருத்தியிலயே! அன்னையிலேருந்து அலங்காரத்துக்குன்னு வர்றவங்க கொறை சொல்லச் சொல்ல நான் வெலைய ஏத்துவேன். ஓடிடுவாங்க. இவங்கதான் அசையவே மாட்டேன்னுட்டாங்க."

நாத்தனார் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டதாகத் தெரிந்தது.

"வாசிங்க," என்றார் அவர்.

வாசித்தாள். குட்டிப் பெட்டிக்குக் குட்டிக் குரல், கீச்சுக்குரல். ஆனால் பொய்யில்லாத குரல். ஒரு கண் மறைத்த சோதனைக் கண்ணாடியோடு கிழவர் காலால் தாளம் போட்டார். கிரேன்காரிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. நடுவில் ஒரு பொத்தான் மட்டும் ஊமையாக இருந்தது. அவ்வளவுதான், நாத்தனார் துள்ளி எழுந்தாள்.

"பாத்தீங்களா, ஒண்ணு ஊமை! கொறைங்க!"

கடைக்காரர் விலை சொன்னார். அரை மாதச் சம்பளம்.

"வாசிக்கிறவங்களுக்கு எப்பவுமே இதான் வெல. நீங்க உள்ள வந்தப்பவும் இதேதான்."

நாத்தனாரின் வாய் பழக்க தோஷத்தில் திறந்தது. "அதுலயும் கொஞ்சம் பாத்து..."

"ஏத்தட்டுமா?"

வாய் மூடிக்கொண்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நாத்தனார் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்குகிற இடம் நெருங்கியதும் குரலைத் தாழ்த்தினாள். "கடையில நடந்ததப் பத்தி வீட்டுல மூச்சு விடாத."

"விடமாட்டேன் அண்ணி."

மறுநாள் லாரி தாமதம். கொக்கி காலி. சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து பெட்டியை எடுத்தாள். முழங்கை விலாவை விட்டு நகரவே தேவையில்லை, ஹாரன் பிழைத்தது. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து சிக்னல்காரன் வாக்கி-டாக்கியில் கூப்பிட்டான்.

"அக்கா, மேல ஏதாச்சும் குருவி கூடு கட்டியிருக்கா?"

"ஆமாப்பா. வெரட்டாம விடு."

வார விடுமுறையில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கிரேன்காரி முதலில் முடித்துக் கைகழுவி, மூலையில் பெட்டியோடு உட்கார்ந்துகொண்டாள். நாத்தனார் தம்பிக்குக் கதை சொன்னாள். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பதற்கு மீசை வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

"ரெண்டு மாசச் சம்பளம் சொன்னான்டா. வாங்கினது அரை மாசத்துக்கு! நாலுல ஒண்ணு! இந்த ஊமைக்கோட்டான் தனியாப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்?"

தனியாகப் போயிருந்தால் அரை மாதச் சம்பளம் ஆகியிருக்கும். சொன்ன கணக்கிலும் பொய் இல்லை, அதுதான் கொடுமை. கணவன் வாயைப் பிளந்தான். "அக்கா மட்டும் இல்லன்னா..." என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தான். நாத்தனாரும் பார்த்தாள்; அந்தப் பார்வையில் முதல்முறையாகக் கொஞ்சம் கெஞ்சல் இருந்தது.

கிரேன்காரியின் கையில் துருத்தி முழுக்க விரிந்திருந்தது. அமுக்கினால் போதும், வீடே அதிரும். அவள் கட்டைவிரல் காற்றுப் பொத்தானுக்குப் போனது. பெட்டி சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

"ஆமாங்க," என்றாள். "அண்ணி மட்டும் இல்லன்னா அவ்வளவுதான்."