செயலாளர் அக்காவின் இடமாற்றம்

சமூகப் பணியாளர் சங்கத்தில் எல்லோருக்கும் அவள் செயலாளர் அக்கா. கண்ணாடி அறை, சுழல் நாற்காலி, சுவர் முழுக்க மாநாட்டுப் படங்கள். முன்பு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது உட்காரவே நேரம் கிடைத்ததில்லை. குணமான நோயாளியை அழைத்துப் போக யாரும் வராவிட்டால், சொந்தக்காரர்களைத் தேடிப்பிடித்து, கெஞ்சி, சமயத்தில் சண்டையும் போட்டு வீடு சேர்ப்பது அவள் வேலை. முழங்கால் வலி வந்ததும், "அலைஞ்சது போதும்" என்றார் கணவர். சங்கத்தில் செயலாளராகச் சேர்ந்தாள்.

மனசு மட்டும் வார்டிலேயே தங்கிவிட்டது. கருத்தரங்கு பேனரில் எழுத்துப்பிழை பார்க்கும்போது, மூலைப் படுக்கைப் பெரியவரை மகன் வந்து கூட்டிப்போனானோ இல்லையோ என்று நினைவு ஓடும். வீட்டுக்கு நேர்வழியில் பஸ் இருந்தும், ஆஸ்பத்திரியைச் சுற்றிப் போகும் பஸ்ஸில்தான் ஏறுவாள்.

ஒரு மதியம் போன் வந்தது. அவள் விட்டுவந்த வேலையில் இருந்த இளைஞன்.

"அக்கா, என்னால முடியல. நேத்து ஒரு அம்மாவோட மருமகனைப் பார்த்துப் பேசப் போனேன். நாயை அவுத்து விட்டுட்டான். சங்கத்துல ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்கக்கா."

'துறையை விட்டுப் போகாதீர்கள்' என்று மேடைதோறும் முழங்கிய வாய் வேறெதையோ கேட்டது.

"அந்த அம்மா எந்தப் படுக்கை?"

"ஜன்னலோரம். ஏங்க்கா?"

"மருமகன் கிடக்கட்டும். மக தனியா எப்ப இருப்பான்னு விசாரிச்சியா?"

"இல்லையே..."

பேசிக்கொண்டே எப்போது எழுந்து நின்றாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

பழைய வேலைக்கே திரும்புகிறேன் என்று அவள் சொன்னதும் சங்கத் தலைவருக்குத் தலை சுற்றியது. "எல்லாரும் மேல ஏறத்தான் பார்ப்பாங்க. நீங்க இறங்குறேங்கறீங்களே!"

கணவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "முழங்காலு?"

"உக்காந்தாலும் வலிக்கத்தான் செய்யுது."

"அப்ப சரி. நான் சொல்லி நீ என்னைக்குக் கேட்டிருக்க!"

அடுத்த மாதமே அந்த இளைஞனும் அவளும் இடம் மாறிக்கொண்டார்கள்.

முதல் நாள் ஓடாத குறையாக வார்டுக்குப் போனாள். மூலைப் படுக்கையில் யாரோ ஒரு வாலிபன். நர்சுகள் எல்லாம் புதுமுகம். ஜன்னலோரத்து அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தத் தம்பி எங்க? எனக்குப் பேப்பர் படிச்சுக் காட்டுவானே."

"அவருக்கு வேற வேலை கிடைச்சிருக்கும்மா. இனி நான்தான்."

அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இத்தனை நாள் ஏங்கிய இடத்தில் தனக்காக யாருமே ஏங்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இருந்தாலும் நகரவில்லை.

"உங்க மக யாரு மாதிரிம்மா, உங்களை மாதிரியா?"

ஜன்னலைப் பார்த்தபடியே, "மூக்கு மட்டும் எனக்கு" என்றார் அவர்.

மருமகன் வேலைக்குப் போகும் நேரத்தைப் பக்கத்து வீட்டில் கேட்டறிந்து போய், மகளிடம் பேசினாள். கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டே மகள் அழுதாள். மூன்றாம் நாள் பார்வையாளர் நேரத்தில் வந்து வார்டு வாசலில் நின்றாள்.

"கூட்டிட்டுப் போக முடியாதுக்கா. பார்த்துட்டு மட்டும் போயிடறேன்."

"பாருங்க. அது போதும்."

மகளைக் கண்டதும் அந்த அம்மா அவசர அவசரமாகத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார். படுக்கையில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். மகள் வந்து அதில் உட்கார்ந்தாள்.

நாளையும் வரச்சொல்லிக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, செயலாளர் அக்கா அடுத்த படுக்கைக்கு நகர்ந்தாள்.