மேற்கே பார்த்த கல்லறை

அந்தக் கடற்கரை ஊரில் செத்தவர்கள் எல்லாரும் கடலைப் பார்த்துத்தான் படுத்திருப்பார்கள். தலை மேற்கே, கால் கிழக்கே. கடைசி நாளில் எக்காளம் ஊதியதும் எழுந்து உட்கார்ந்தால், கிழக்கிலிருந்து வருகிற ஆண்டவர் நேர் எதிரே தெரிவார். கழுத்தைச் சுளுக்கிக்கொண்டு தேட வேண்டியதில்லை. இதற்கு விலக்கு இரண்டே கல்லறைகள். பழைய காலத்துப் பங்குச்சாமிகள் இரண்டு பேர் மட்டும் தலையைக் கிழக்கே வைத்து மேற்கே பார்த்துக் கிடந்தார்கள். மேய்ப்பன் எழும்போது மந்தையைப் பார்த்து எழ வேண்டுமாம்.

மூன்றாவதாகத் தானும் அப்படியே எழுவது என்று ஆன்றோ மச்சாது முடிவு செய்தார்.

அவர் சாமியார் இல்லை. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் பங்குப் பேரவையின் துணைத்தலைவர் பதவியை வருடக்கணக்காக யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் சுமந்து வருபவர். திருநாள் மேடையில் சாமியாருக்கு அடுத்த நாற்காலி அவருடையது. அங்கிருந்து பார்த்தால் ஊரே தன்னைப் பார்த்து உட்கார்ந்திருப்பது தெரியும். அந்தக் காட்சிக்குப் பழகிய மனிதரை, உயிர்த்தெழுகிற அன்றைக்கு மட்டும் முன்வரிசைக்காரன் பிடரியைப் பார்த்துக்கொண்டு எழு என்றால் எப்படி?

புதிதாக வந்திருந்த பங்குச்சாமியிடம் போய்ச் சொன்னார். பக்கத்துச் சாகுபுரத்தில் ஒரு புது வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்த சாமியார், ஹெல்மெட்டைத் தலையில் மாட்டியபடியே கேட்டார்.

“எப்படிப் படுத்தா என்னய்யா? எழுப்புறவருக்குத் தெரியாதா?”

இதை ஆன்றோ அனுமதி என்று எடுத்துக்கொண்டார். கருங்கல் லாரியில் வந்தது. குழி தோண்டி, உள்ளே சிமென்ட் பூசி, கிழக்கு ஓரத்தில் சிலுவை நட்டாயிற்று. பெயர், பதவி, பிறந்த தேதி எல்லாம் வெட்டி, மிச்சத் தேதிக்கு இடம் விட்டிருந்தது. பக்கத்திலேயே மனைவி ஈவாஞ்சலினுக்கும் ஒரு குழி.

“எனக்கு இப்படி வேண்டாம். எல்லாரும் படுக்கமாரி கெழக்க பாத்தே வச்சிருங்க” என்றாள் ஈவாஞ்சலின்.

“ஏளா, ஊரே நம்மளப் பாக்கும்ளா அன்னைக்கு!”

“ஆண்டவரு வந்து நிக்கையில உங்கள எவன் பாக்கப் போறான்?”

நாற்பது வருடமாக அவள் இப்படித்தான். பெரிய விஷயங்களைப் புரிந்துகொண்டதில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், பொழுது சாயும் நேரத்தில் ஆன்றோ தனியாகப் போனார். மேற்கே உள்ள ஆலமரம் ஊரை மறைக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கொத்தனார் விட்டுப்போன பிளாஸ்டிக் ஸ்டூலை உள்ளே போட்டு இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. படுத்தார். எழுந்து உட்கார்ந்தார். சிமென்ட் சுவர்தான் தெரிந்தது. உயிர்த்தெழும் மகிமையான உடலுக்கு அது தடையாக இருக்காது என்றாலும், இப்போதைய உடலுக்கு ஸ்டூல் தேவைப்பட்டது. அதன் மேல் ஏறி மெதுவாக நிமிர்ந்தார். தலை வெளியே வந்தது, தோள் வந்தது, நெஞ்சு வந்தது. முகமெல்லாம் சிமென்ட் தூசி. மேடையில் விரிப்பதுபோல் இரண்டு கைகளையும் விரித்தார்.

எதிரே, திருநாளுக்காகக் கல்லறைக்கு வெள்ளையடிக்க வந்த பவுல் பர்னாந்து சுண்ணாம்பு மட்டையோடு நின்றார்.

ஊரில் எத்தனையோ பேர் இருக்க, பவுலா! வெகுகாலத்துக்கு முன்பு, மாதா திருநாள் கொடியேற்றத்தில் ஆன்றோ கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தபோது, பாதி மரத்தில் கயிறு அறுந்து கொடி அவர் தலையிலேயே விழுந்தது. கூட்டம் சிரித்தது. பவுல்தான் அறுத்துவைத்தான் என்றார் ஆன்றோ. மாதா மேல் சத்தியமாக இல்லை என்றார் பவுல். அன்றிலிருந்து பேச்சில்லை. கிழக்கே பீடம் உள்ள கோயிலில் பவுலின் பெஞ்சு அவருக்கு நேர் பின்னால். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள் என்று சாமியார் சொல்லும்போதெல்லாம் ஆன்றோ பக்கத்துத் தூணைப் பார்த்துக் கும்பிட்டுவிடுவார்.

இப்போதுதான் ஆன்றோவுக்கு உறைத்தது. தன் கல்லறைக்கு நேர் மேற்கே உள்ள வரிசை முழுக்கப் பர்னாந்து குடும்பம். கடைசி நாளில் தன்னைப் பார்த்து எழப்போகிற மந்தை இதுதான்.

பவுலுக்குக் கண்ணில் புரை. கையிலிருந்த மட்டை கீழே விழுந்தது.

“மாதாவே! ஏலே ஆன்றோ... நீ எப்பலே செத்த? எனக்கு ஒரு பய சொல்லலியே!”

பவுல் சுண்ணாம்பு வாளிக்குப் பக்கத்திலேயே மண்டியிட்டார்.

“ஏலே, அந்தக் கொடிக்கயிறு... நான்தாம்லே. முந்தின நாளு பிளேடால கீறி வச்சேன். பொய்ச் சத்தியமும் பண்ணிட்டேன். ஆண்டவரு வந்து சேருததுக்குள்ள மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லிருலே!”

எத்தனையோ வருடம் காத்திருந்த வாக்குமூலம். ஆனால் அதைச் சொல்லும்போது பவுல் தன்னைப் பார்க்கவில்லை என்பதை ஆன்றோ கவனித்தார். பவுலின் கண் அவர் தோளைத் தாண்டிக் கிழக்கே, கடல்மேல் நிலைகுத்தி நின்றது. அந்த முகத்தில் பயமும் இருந்தது. திருநாளுக்குப் புதுச்சட்டை எடுத்துத் தருவதாகச் சொல்லக் கேட்ட பிள்ளையின் ஆசையும் இருந்தது.

“வாராராலே?” என்று பவுல் கேட்டார்.

ஆன்றோவும் அடக்க முடியாமல் திரும்பிப் பார்த்தார். கழுத்தில் சுரீர் என்றது. கிழக்கே கரைக்குத் திரும்பும் ஒரு படகு. அதற்கு மேல் வெளிச்சம் கொஞ்சம். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்கள்.

அப்புறம் ஸ்டூல் முறிந்தது.

“யய்யோ, எம் முட்டி!” என்ற சத்தம் குழிக்குள்ளிருந்து வந்தது. உயிர்த்தெழுந்தவன் முட்டி வலிக்கிறது என்று கத்தமாட்டான் என்பது பவுலுக்கு மெதுவாகப் புரிந்தது. ஓரத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

“உசிரோடதான் இருக்கியா?”

“தூக்கிவிடுலே.”

“நீ செத்துட்டேன்னு நெனச்சில்லா எல்லாத்தையும் சொன்னேன்! ஏமாத்திட்டியே!”

“தூக்குங்கேன்!”

“இங்கன என்ன செஞ்சிட்டிருந்தன்னு ஊர்ல கேட்டா நான் என்ன சொல்ல?”

“நீ மண்டி போட்டத நானும் சொல்லவா?”

பவுல் சற்று யோசித்தார். பிறகு கையை நீட்டினார். ஆன்றோ ஏறி வருவதற்குள் இரண்டு பேர் மேலும் சுண்ணாம்பும் சிமென்டும் சமமாக அப்பியிருந்தன.

அடுத்த வாரம் கல்லறையின் சிலுவை மேற்கு ஓரத்துக்கு மாறியது. கல்வெட்டியவர் திட்டிக்கொண்டே மாற்றினார். தான் சாதாரண மக்களோடு மக்களாகக் கிழக்கே பார்த்து உறங்கத் தீர்மானித்திருப்பதை ஆன்றோ பேரவைக் கூட்டத்தில் அறிவித்து, தாழ்ச்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. ஆன்றோ பழக்கப்படி தூணைப் பார்த்துக் கைகுவித்தார். பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல் கேட்டது.

“ஏலே, தூணு எந்திச்சு வருமா அன்னைக்கு?”

கழுத்துச் சுளுக்கு இன்னும் விட்டபாடில்லை. அதனால் தலையை மட்டும் திருப்ப வழியில்லாமல், ஆன்றோ மச்சாது முழு உடம்போடும் மேற்கே திரும்பினார்.