மழைக்குக் காத்திருக்கும் வாக்கியம்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு வாங்கில், ஆஸ்பத்திரி பெஞ்சில், கிடைத்தது. பதுளையில் ஓர் ஆஸ்பத்திரி; முழங்கால் வலியோடு பிசியோதெரபி அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து வந்த ஒரு பெண் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு பசறை பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். விதுஷா என்று பேர் வைத்தது நான்.

2.

பனி மூடிய மலைச்சரிவில் விதுஷா கொழுந்து...

சீ, வேண்டாம். தேயிலைத் தோட்டம் என்றாலே என் கைக்குப் பனி வந்துவிடுகிறது. அவளே வலியில் கிடக்கிறாள், பனியாம் பனி!

இப்படி ஆரம்பிக்கிறேன். கல்யாணமாகி இரண்டு வருஷம். புருஷன் ஜீவன் கிட்ட வந்தாலே விதுஷாவுக்கு உடம்பு பூட்டிக்கொள்ளும். உறவு என்றால் கீறிப்போடுகிற வலி. ஜீவன் வற்புறுத்துகிற ஆள் இல்லை. ஆனால் தன்னை அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து, பாயைச் சுருட்டிக்கொண்டு இஸ்தோப்புக்கு, அதாவது லயம் என்கிற வரிசை வீட்டில் தங்கள் அறையின் முன்பக்கத்துக்கு, படுக்கப் போய்விட்டான். வருகிற திங்கட்கிழமை கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போகிறான். போனால் திரும்பமாட்டான் என்று அவளுக்குப் பயம்.

[அந்த வலி எங்கிருந்து வந்தது? இருபது வயதில் அவள் வேலைக்கு நின்ற ஒரு வீட்டில் நடந்தது. ஒரு பக்கம் எழுதினேன், கிழித்துவிட்டேன். அந்த ஆளுக்கு என் கதையில் முகம் கிடையாது, பேரும் கிடையாது. நாசமாய்ப் போக.]

3.

பிசியோதெரபி பார்க்கிற ஜெனீரா மிஸ் முதல் நாளே சொன்னார்: "பயப்பட வாணாம். நீங்க சரின்னு சொல்லாம நான் தொட மாட்டேன்." அந்த ஒரு பேச்சுக்காகவே விதுஷா மறுபடியும் போனாள்.

இடுப்புக்கு அடியில் இருக்கிற தசை, அன்றைக்குப் பயந்து இறுகியது, இன்னும் விடவில்லையாம். அதற்குப் பயிற்சி. விதுஷா அதைத் தப்பாக விளங்கிக்கொண்டாள். மலையில் இடுப்பைச் சுற்றுகிற படங்குச் சாக்கு நழுவாமல் இருக்க வயிற்றை எக்கிக் கயிறு கட்டிப் பழகியவள் அவள். பயிற்சி என்றாலும் இறுக்குவதுதானே என்று, கொழுந்து பறிக்கும்போதெல்லாம் அடிவயிற்றை இழுத்துப் பிடித்தாள். வலி கூடிப்போனது.

"இறுக்குறதுல நீங்க கெட்டிக்காரி," என்றார் மிஸ். "விடத்தான் பழகணும். மூச்சு இழுக்கிற நேரம் வயித்த விடுங்க."

"விட்டா அவுந்துருமே மிஸ்."

"என்ன அவுந்துரும்?"

படுத்திருந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். இடுப்பில் படங்கும் இல்லை, கயிறும் இல்லை. மிஸ் சிரித்தார். இவளும் சிரித்தாள். சிரித்ததில் வயிறு தானாக விட்டது. உடனே அழுகை வந்தது. [நான் வாங்கில் பார்த்தது இந்த அழுகைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.]

4.

இந்த வலியை ஜீவனிடம் சொல்ல வேண்டும். எங்கே சொல்ல? லயத்துச் சுவர் கூரை வரைக்கும் எட்டாது. இந்தக் காம்பராவில் இருமினால் அந்தக் காம்பராவில் சுடுதண்ணி வைப்பார்கள். அதனால் அங்கே புருஷன் பெஞ்சாதி சண்டையும் சமாதானமும் மழைக்குத்தான். தகரத்தில் மழை கொட்டினால் பக்கத்துக்கு ஒன்றும் கேட்காது.

விதுஷா மழைக்குக் காத்திருந்தாள். சுற்றிவர அத்தனை சனம், வாய் திறந்து சொல்ல ஓர் ஆள் இல்லை.

முடிவு அ: மழை வரவில்லை. ஜீவன் பஸ் ஏறிவிட்டான். (எழுதிவிட்டுச் சோறு இறங்கவில்லை. அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: வலி பறந்தது, அடுத்த வருஷம் தொட்டில். (பொய். ஜெனீரா மிஸ் என்னை ஏசுவார். மெல்ல மெல்லத்தான் ஆகும்.)

5.

ஞாயிறு பின்னேரம் மழை பிடித்தது. நான்தான் பெய்யவிட்டேன், வேறென்ன செய்ய?

"ஏங்க, உள்ள வாங்க."

ஜீவன் கதவோரம் நின்றான். "என்னா?"

"ஒங்கள புடிக்காம இல்லீங்க. ஒடம்பு வலிக்குது. அதுக்குத்தான் பதுளைக்குப் போறேன். முதுகு வலின்னு சொன்னது பொய்."

அவன் பாயில் உட்கார்ந்தான். "ஏம்புள்ள இத்தன நாளா சொல்லல?"

விதுஷா வயிற்றில் கை வைத்து மூச்சை இழுத்தாள். வயிறு விட்டது.

"நான் வேலைக்கு நின்ன வூட்டுல..."

இதன் மிச்சம் எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். ஜீவன் என்ன சொல்வான், நாளைக்கு பஸ் ஏறுவானா என்பது எனக்கே தெரியாது. சுவருக்கு இந்தப் பக்கம் காது வைத்துக்கொண்டு நிற்பது நீங்களும் நானும்தான். மழையை நான் நிறுத்தவில்லை. வாருங்கள், கொஞ்சம் தள்ளிப் போய் நிற்போம்.