டாக்டர் குளிக்கிறார்

"இன்னொரு தடவை பார்ப்போம். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழட்டி மேசையில வைப்பாரு. நீ என்ன பண்ணணும்?"

"கையைத் தூக்கணும்."

"அதுவரைக்கும்?"

"வாயைத் திறக்கக் கூடாது."

"அவ்வளவுதான்!" என்று டாக்டர் தன் கண்ணாடியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் காட்டினார். அவர் மனைவி, தெருவே டாக்டர் வீட்டம்மா என்று கூப்பிடும் அந்த மனுஷி, தேய்த்துக்கொண்டிருந்த சட்டையை விட்டுவிட்டுக் கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாமல் கை தூக்கும் பிள்ளையைப் போல் இருந்தது அவளுக்கு.

டாக்டர்களுக்கு உரிமம் கொடுப்பதும் பிடுங்குவதும் மருத்துவக் குழுவின் வேலை. ஐந்து நாற்காலி, ஐந்திலும் டாக்டர்கள்தான் இருந்தார்கள். ஒரு டாக்டர் தப்பு செய்தால் இன்னொரு டாக்டர் விசாரிப்பார், அவரே மன்னிப்பார், பிறகு எல்லாரும் சேர்ந்து காபி குடிப்பார்கள். செத்தவர்கள் எழுந்து வந்து மறுத்துப் பேசப் போகிறார்களா என்ன! ஜனங்கள் தொண்டை கிழியக் கத்திய பிறகு ஒரு வழியாகச் சட்டம் மாறியது. இனி இரண்டு நாற்காலி டாக்டர் அல்லாதவர்களுக்கு.

நாற்காலி பறிபோன இருவரில் நம் டாக்டரும் ஒருவர். சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். அப்புறம் புதுச் சட்டத்தை நிதானமாகப் படித்தார். டாக்டர் உட்காரக் கூடாது என்றுதான் இருந்தது. டாக்டர் பெண்டாட்டி உட்காரக் கூடாது என்று எங்கேயும் இல்லை. பார்க்க வேண்டியவர்களைப் பார்த்தார், காரியம் முடிந்தது. இன்னொரு நாற்காலி ஒரு மருந்துக்கடை முதலாளிக்குப் போயிற்று. அவர் கடை இருப்பதே தலைவரின் ஆஸ்பத்திரி வாசலில்தான்.

"என் நாற்காலிதான். நீ சும்மா போய் உக்காந்துட்டு வா" என்றார் டாக்டர்.

"எனக்கு இது சரியாப் படலைங்க. அன்னிக்குப் போனை எடுத்தது நான்தானே. நானே எப்படி..."

"அது யாருக்குத் தெரியும்? தலைவரும் கடைக்காரரும் நம்ம பக்கம். மத்த ரெண்டு டாக்டருங்க பிடிவாதக்காரங்க. உன் கைதான் மூணாவது. அவன் உரிமம் போச்சுன்னா ஆஸ்பத்திரி போச்சு, ஆஸ்பத்திரி போச்சுன்னா இந்த வீடு போச்சு. புரியுதா?"

அவன் என்றது ஆஸ்பத்திரியில் அவருக்குக் கூட்டாளியான சின்ன டாக்டரை. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரசவப் பொறுப்பு அவனுடையது. தன் கைப்பேசியை அணைத்துவிட்டு இதே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வீட்டுப் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தையல்காரன் ஒருவன், பிள்ளை பெற்ற பெண்டாட்டிக்கு ரத்தம் நிற்கவில்லை என்று அழுதான். சின்ன டாக்டர் சோற்றுக் கையை ஆட்டினான். அவளும், "டாக்டர் குளிக்கிறாருங்க" என்றாள். சாப்பாட்டு நேரத்தில் யார் கூப்பிட்டாலும் அந்த வீட்டில் அதுதான் பதில். உலகத்திலேயே அவ்வளவு சுத்தமான டாக்டர்கள் வேறெங்கும் கிடையாது! போன் மறுபடியும் அடித்தது. "இன்னும் ரெண்டு வாய்தான் அண்ணி" என்றான் சின்ன டாக்டர். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். சாயங்காலம் அந்தப் பெண் செத்துப்போனாள்.

டாக்டர் அவளைக் குழு அலுவலக வாசலில் இறக்கிவிட்டுக் காரிலேயே காத்திருந்தார். உள்ளே நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து நாற்காலி, இந்தப் பக்கம் சாட்சிக்கு ஒன்று. தையல்காரன் அதில் உட்காரவில்லை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்ற மறந்து, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான்.

"ஒரு அம்மா எடுத்தாங்கய்யா. டாக்டர் குளிக்கிறாருன்னாங்க. ரத்தம் நிக்கலம்மான்னு கெஞ்சினேன். மறுபடி கூப்பிட்டேன், அப்பவும் குளிக்கிறாருன்னாங்க. ஒரு மனுசன் எவ்வளவு நேரம்யா குளிப்பாரு?"

அவள் மேசைக்குக் கீழே விரல்களைப் பிசைந்துகொண்டாள்.

சின்ன டாக்டர் அவள் பக்கம் திரும்பாமலே பேசினான். "அன்னிக்கு நான் அந்த வீட்டுக்குப் போகவே இல்லைங்க. போனை எடுத்தது வேலைக்காரியா இருக்கும். படிக்காத ஜனம், வாய்க்கு வந்ததை உளறியிருக்கும்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "புகாரைத் தள்ளிடலாம்" என்று தானும் கையைத் தூக்கினார். கடைக்காரர் கை சட்டென்று மேலே போனது. மற்ற இரண்டு டாக்டர்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள். எல்லாருடைய கண்ணும் அவள் மேல்.

அவள் கை தூக்கவில்லை. வாயைத் திறந்தாள்.

"அந்த வீட்ல வேலைக்காரியே கிடையாதுங்க."

தையல்காரனின் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. "இந்தக் குரல்தான்! ஐயா, இதே குரல்தான்யா!"

"அண்ணி!" என்றான் சின்ன டாக்டர்.

தலைவர் அவசர அவசரமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இந்தாங்கம்மா, உறுப்பினரா இருக்கிறவங்க சாட்சி சொல்ல முடியாது. ரெண்டுல ஒண்ணுதான்." அதோடு அவள் வாய் அடைத்துவிடும் என்று நினைத்தார் பாவம்.

அவள் எழுந்தாள். மேசையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, சாட்சி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தையல்காரன் அவளைக் கும்பிடவில்லை. "ஏம்மா? அன்னிக்கே ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தா நான் வேற ஆஸ்பத்திரிக்காவது தூக்கிட்டு ஓடியிருப்பேனே!"

"தப்புதான்பா" என்றாள். ஓரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எழுத்தரைப் பார்த்து, "எழுதிக்கோங்க. சின்ன டாக்டர் அன்னிக்கு எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில..." என்று ஆரம்பித்தாள்.

பையில் கைப்பேசி அடித்தது. முடிவு தெரியாமல் காரில் இருப்புக்கொள்ளாத புருஷன்தான். அவள் எடுத்தாள். இத்தனை வருஷம் அந்த வீட்டுப் போனில் பேசிப் பழகிய அதே பணிவான குரலில் சொன்னாள்.

"அம்மா சாட்சி சொல்லிட்டிருக்காங்க. அப்புறமா கூப்பிடுங்க."

"யாரும்மா அது?" என்றார் தலைவர்.

"டாக்டருங்க. அவசரமாம்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.