இறால்களைச் சொல்லாத அறிக்கை

ஷீனா எங்கள் தீவுக்கு வந்தது ஒரு தட்டான்பூச்சியைத் தேடி. பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், நாற்பதைத் தொடாத வயது. வெங்காய அறுவடை முடிந்து சும்மா இருந்த என்னைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். பொறிகளைக் குளத்திலிருந்து இழுப்பதும் பிடிபட்டதை எண்ணி எழுதுவதும் என் வேலை.

மாவட்டத்திலேயே எங்கள் பாசனக் குளத்தில் மட்டும்தான் அந்தத் தட்டான் மிச்சமிருந்தது. முதல் கோடையில் பதினொன்றைப் பார்த்தோம். குளம் நிறைய பாஸ் மீன். தூண்டில்காரர்கள் எவரோ கொண்டுவந்து விட்ட வெளிநாட்டு மீன். ஒன்றின் வயிற்றைக் கிழித்துக் காட்டினார். தட்டானின் இளம்புழுக்கள் இருந்தன. கூடவே சிவப்புக் கொடுக்குகளும்: நண்டுபோல் கொடுக்கு வைத்துக் கரையில் பொந்து தோண்டும் அமெரிக்க நன்னீர் இறாலுடையவை, அதுவும் வெளியிலிருந்து வந்ததுதான். கொடுக்குகளை ஓரமாகத் தள்ளிவிட்டார்.

மீனை எடுக்கும் யோசனைக்குக் குளத்துச் சங்கத் தலைவர் குவபாரா லேசில் மசியவில்லை.

"ஏன் வாத்தியாரே, அந்தத் தட்டான் வந்து எங்க வயலுக்குத் தண்ணி பாய்ச்சுமா?"

கூட்டம் சிரித்தது. ஷீனா இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். "ஒரே ஒரு குளிர்காலம் குடுங்க. மதகைத் திறந்து வத்தவெச்சு மீனை எடுத்துடுவோம். நடவுக்குள்ள தண்ணி நிரம்பலைன்னா என்னைத் திட்டுங்க."

"உங்களைத் திட்ட நாள் வேற பாக்கணுமா?" என்றபடியே சம்மதித்தார் குவபாரா.

பிப்ரவரியில் ஊரே சேற்றில் இறங்கி மீனை அள்ளியது. வற்றிய கரையெங்கும் விரல் நுழையும் பொந்துகள்.

"டாக்டர், இதெல்லாம் இறால் பொந்து" என்றேன்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா. இப்ப மீன்தான்."

அந்தக் கோடையில் தட்டான்கள் இருநூறைத் தாண்டின. தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். குவபாரா புதுச்சட்டை போட்டுக்கொண்டு கரையில் நின்றார். ஆனால் ஜூனில் பொறிக்கு ஒன்பது இறால் விழுந்த இடத்தில், செப்டம்பரில் நூற்று நாற்பது விழுந்தன. எண்ணிய தாளை ஷீனா முன்னால் வைத்தேன்.

"மீனை எடுத்ததும் இதைத் திங்க ஆள் இல்லாமப் போச்சு. தெரியுது. ஆனா இப்ப அறிக்கையில எழுதினா பக்கத்து ஊர் மூணு குளத்துல மீனை எடுக்க அனுமதி கிடைக்காது. அடுத்த கட்டுரையில தனியா எழுதிடறேன்."

தாளை மடித்து எடுத்துக்கொண்டேன். அறிக்கையில் என் பெயரும் அச்சாகவிருந்தது. அந்த ஆசையை மறைத்து என்ன பயன்?

மூன்றாம் கோடையில் குளம், சோயா விழுது கரைத்த மிசோ சூப்பாகக் கலங்கிக் கிடந்தது. நீர்ச்செடிகள் இறால்களால் அடியோடு நறுக்கப்பட்டு மிதந்தன. அந்தத் தண்டுகளுக்குள்தான் தட்டான் முட்டையிடும். எட்டு நாள் கரையைச் சுற்றினோம். நான்காம் நாள் ஓர் ஆண் தட்டான் மட்டும் தண்ணீரின் மேல் இங்குமங்கும் பறந்தது. பெண் வரவில்லை. அதன்பின் எதுவுமே வரவில்லை. கரைப் பொந்துகள் வழியே தண்ணீர் கசிந்து, குவபாராவின் நாற்று பாதி காய்ந்தது.

சங்கக் கூட்டத்தில் ஷீனா எல்லாவற்றையும் சொன்னார்.

"தெரிஞ்சேதான் மறைச்சீங்களா?" என்றார் குவபாரா.

"ஆமா."

என் பக்கம் திரும்பினார். "உனக்கும் தெரியுமா, தாஸுகோ?"

"தெரியும்."

"மீன் இருந்தப்போ பதினோரு தட்டானாச்சும் இருந்துச்சு. காப்பாத்துறேன்னு வந்தீங்க, ஒண்ணுகூட இல்ல. எந்திரிங்க ரெண்டு பேரும்."

ஷீனா ஆய்விதழுக்கு ஒரு பக்கத் திருத்தம் எழுதினார். அது அச்சாவதற்குள், எங்கள் குளத்தை முன்மாதிரியாகக் காட்டிப் பக்கத்து ஊர்க்காரர்கள் மூன்று குளங்களையும் வற்றவைத்துவிட்டார்கள். ஷீனா போய்த் தடுத்துப் பார்த்தார். "உங்க அறிக்கையிலதானே இருக்கு" என்று அவர் கையிலேயே ஒரு பிரதியைக் கொடுத்தார்களாம். சங்கம் அவரைக் குளத்துப் பக்கம் விடுவதில்லை. இப்போது வேறு தீவில் பாடம் நடத்துகிறார்.

நான் உள்ளூர்க்காரி. என்னை விரட்ட முடியாது, ஊர் என்னோடு பேசாமல் இருக்கலாம், அவ்வளவுதான். வியாழன்தோறும் பொறிகளை இழுக்கிறேன். போன வாரம் முந்நூற்றுப் பதினெட்டு இறால். கொதிநீரில் போட்டுக் கொன்று, என் வயலோரம் குழிதோண்டிப் புதைத்தேன். அடுத்த வியாழனும் அவ்வளவு விழும்.